வித்தையை ஒளிப்பது யார்?

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்றைய வகுப்புக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கூலி உயர்வைப் பற்றியதோ போனஸைப் பற்றியதோ அல்ல. ஆனால் கூலியோடும் போனஸோடும் கூடப் பிறந்த விஷயம். வேலை செய்கிற இடத்தில் ஒருவருக்குத் தெரிந்த தொழில் நுணுக்கத்தை அடுத்தவருக்கு அவர் ஏன் சொல்லுகிறார், ஏன் சொல்லாமல் ஒளிக்கிறார் என்பதுதான் அந்த விஷயம்.

சங்க ஆபீசுக்கு வருகிற பேச்சில் இது அடிக்கடி அடிபடுகிறது. "பழைய ஆள் எதையும் சொல்லித்தர மாட்டேன் என்கிறார்" என்று இளைஞர்கள் குறைப்படுகிறார்கள். "இன்றைக்கு இவனுக்குக் கற்றுக்கொடுத்தால் நாளைக்கு என் இடத்தில் இவனை நிறுத்துவார்கள்" என்று பழையவர்கள் சொல்லுகிறார்கள். "தொழிலாளிகள் தெரிந்ததை மனசுக்குள் வைத்துக்கொண்டு உற்பத்தியைக் கெடுக்கிறார்கள்" என்று மானேஜர் குற்றம் சாட்டுகிறார். மூன்று பேரும் பேசுவது ஒரே விஷயத்தைப் பற்றித்தான். ஆனால் மூன்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

கைக்குத் தெரிந்தது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தொழிலாளியிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அவனிடம் இருப்பது இரண்டு கைகள்தானே என்று கேட்பவர்கள் உண்டு.

ரிங் பிரேமில் நிற்கிற சகோதரியைக் கேளுங்கள். கதிரைச் சுற்றுகிற நாடா தளர்ந்தால் நூலில் முறுக்கு குறைகிறது. மீட்டரைப் பார்க்காமலே, பாபினைத் தொட்ட மாத்திரத்தில் அவருக்கு அது தெரிந்துவிடும். காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறுகும். இன்று எத்தனை தடவை ஓடவேண்டியிருக்கும் என்பதை வேலைக்குள் நுழைந்து நாலு அடி வைப்பதற்குள் சொல்லிவிடுவார். இயந்திரத்தின் சத்தம் மாறினால் பிட்டர் தோழருக்குக் காது சொல்லும். எந்தப் புத்தகத்திலும் இவை முழுதாக எழுதப்படவில்லை.

வயலுக்கு வாருங்கள். ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். இன்னும் சில ஊர்களில் இருக்கிறார். எந்த மடையை எத்தனை விரல் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எத்தனை நாழிகையில் போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியும். பெரும்பாலும் அவர் தாழ்த்தப்பட்ட மக்களைச் சேர்ந்தவர்; பல ஊர்களில் சொந்த நிலம் இல்லாதவர். தனக்கென்று வயல் இல்லாதவன்தான் பாரபட்சமில்லாமல் தண்ணீர் பங்கிடுவான் என்று ஊர் கணக்குப் போட்டது. கூலியாக அறுவடையில் தானியம் கொடுத்தது. ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரு பெரிய சாஸ்திரம் என்று எந்த மிராசுதாரும் மரியாதை கொடுத்ததில்லை.

ஆகவே தொழிலாளியிடம் இருப்பது கை மட்டுமில்லை. கைக்குள்ளே அறிவு இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குக் கூலி கொடுக்கிற முதலாளிக்கு இந்த அறிவு இனாமாகக் கிடைக்கிறது. அந்த இனாமைப் பற்றித்தான் சண்டை.

டெய்லரின் கடிகாரம்

இந்தச் சண்டையின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவுக்குப் போகவேண்டும். அங்கே பிரெடரிக் டெய்லர் என்று ஒருவர். 1878-ல் பிலடெல்பியா நகரில் மிட்வேல் என்ற எஃகு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். சீக்கிரமே மேஸ்திரி ஆனார். பிறகு இன்ஜினீயரும் ஆனார். தொழிலாளிகளோடு வேலை செய்தவர் என்பதால் அவருக்கு ஒரு உண்மை தெரிந்திருந்தது. ஆலையில் எந்த வேலையை எப்படிச் செய்வது என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்ததைவிடத் தொழிலாளிகளுக்கு எல்லாருமாகச் சேர்த்து அதிகம் தெரியும் என்ற உண்மைதான் அது. இதை 1911-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் அவரே ஒப்புக்கொள்ளுகிறார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளுகிறார். தொழிலாளிகள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறார்கள், எவ்வளவு வேகமாகச் செய்யமுடியும் என்பதை மறைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, காரணத்தையும் அவரே சொல்லுகிறார். பீஸ் ரேட்டில் ஒருவன் அதிகமாகச் செய்து காட்டினால் முதலாளி என்ன செய்கிறான்? ரேட்டைக் குறைக்கிறான். பத்துக்குக் கிடைத்த கூலிக்கு இப்பொழுது பதினைந்து செய்யவேண்டும். ஒரு தடவை இப்படி அடிபட்டவன் மறுதடவை தன் வேகத்தைக் காட்டுவானா?

நோயை இவ்வளவு சரியாகக் கண்ட டெய்லர் கொடுத்த மருந்து என்ன? தொழிலாளிகளுடைய அறிவையெல்லாம் திரட்டி நிர்வாகத்தின் கைக்குக் கொண்டுபோய், விதிகளாக எழுதி, அட்டையில் அச்சடித்து, தொழிலாளியிடமே திருப்பிக் கொடுத்து, "இதன்படி செய்" என்று உத்தரவு போடுவது. அதற்கு ஆயுதம் ஸ்டாப் வாட்ச். தொழிலாளிக்குப் பின்னால் ஒருவர் கடிகாரத்தோடு நிற்பார். கை ஒவ்வொரு தடவை அசைவதையும் நொடிக் கணக்கில் எழுதிக்கொள்வார்.

1911 ஆகஸ்டு மாதம் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் வாட்டர்டவுன் என்ற அரசாங்க ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்படத் தொழிலாளிகளின் பின்னால் இப்படிக் கடிகாரத்தோடு போய் நின்றார்கள். தொழிலாளிகள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். விஷயம் அமெரிக்க காங்கிரஸ் வரைக்கும் போயிற்று. விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. டெய்லரே வந்து சாட்சி சொன்னார். 1915-ல் அரசாங்க ஆயுதச் சாலைகளில் ஸ்டாப் வாட்ச் வைத்து வேலை அளப்பதற்கு அமெரிக்க காங்கிரஸ் பணம் ஒதுக்க மறுத்துத் தடை போட்டது.

அந்த வார்ப்படத் தொழிலாளிகள் கஞ்சர்களா? வித்தையை ஒளிக்கும் சுயநலக்காரர்களா? தெரிந்ததைச் சொன்னால் அது தங்கள் கழுத்துக்கே கத்தியாகத் திரும்பும் என்று கண்டவர்கள். அடிமடியில் கை வைப்பவனிடம் மடியை அவிழ்த்துக் காட்ட யாருக்கு மனம் வரும்?

அந்தக் கடிகாரம் சாகவில்லை தோழர்களே. இன்றைய புதிய ரிங் பிரேம்களில் ஒவ்வொரு கதிருக்கும் ஒரு மின்கண் வைக்கிறார்கள். எந்தக் கதிரில் இழை அறுந்தது, எவ்வளவு நேரம் ஒட்டாமல் கிடந்தது என்பதெல்லாம் ஆபீசில் உள்ள கம்ப்யூட்டரில் விழுகிறது. டெய்லரின் ஆள் பின்னால் நிற்கவேண்டிய அவசியம்கூடப் போய்விட்டது.

முதலாளியின் ரகசியம் மட்டும் புனிதமா?

தொழிலாளி தனக்குத் தெரிந்ததைச் சொல்லாவிட்டால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம், துரோகம். முதலாளி சொல்லாவிட்டால் அதற்குப் பெயர் "தொழில் ரகசியம்". அதற்குச் சட்டம் காவல் நிற்கும்; போலீசும் நிற்கும்.

நம் மில் தொழிலின் பிறப்பிலேயே இதைப் பார்க்கலாம். நூற்பு இயந்திரங்கள் இங்கிலாந்தில் பிறந்தன. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து சர்க்கார் அந்த இயந்திரங்களை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று தடை போட்டது. தொழில் தெரிந்த தொழிலாளி நாட்டைவிட்டே போகக்கூடாது என்றும் தடை போட்டது. தொழிலாளிக்கு இருந்த தடை 1824-லும், இயந்திரங்களுக்கு இருந்த தடை 1843-லும்தான் நீங்கின. ஒரு மனிதனின் மூளைக்குள் இருப்பதையும் முதலாளியின் சொத்தாக எண்ணிப் பூட்டினார்கள்!

அந்தப் பூட்டையும் ஒருவர் உடைத்தார். சாமுவேல் ஸ்லேட்டர் என்பது அவர் பெயர். சிறுவயதிலேயே ஒரு நூற்பு மில்லில் தொழில் பழகியவர். 1789-ல் இயந்திரத்தின் அமைப்பு முழுவதையும் மனப்பாடமாக எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். விவசாயி வேஷத்தில் போனார் என்று சொல்வார்கள். மறு வருஷமே ரோட் ஐலண்டு மாகாணத்தில் பாடக்கெட் என்ற ஊரில் நூற்பு இயந்திரம் ஓடியது. இங்கிலாந்தில் அவருக்குத் துரோகி என்று பட்டம். அமெரிக்காவில் தொழிற்புரட்சியின் தந்தை என்று பட்டம்.

இந்தக் கதையில் நாம் கவனிக்கவேண்டியது வேறு. அந்த மில்லில் முதன் முதலில் வேலைக்கு வைக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகள். அறிவு கடலைத் தாண்டியது. ஒரு முதலாளியின் பெட்டியிலிருந்து இன்னொரு முதலாளியின் பெட்டிக்குப் போயிற்று. உழைப்பாளியின் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

விதையும் இதற்கு விலக்கல்ல. தலைமுறை தலைமுறையாக விதை நெல்லை வீட்டுக்கு வீடு மாற்றிக்கொண்டவர்கள் நம் ஜனங்கள். 2019-ல் பெப்சி கம்பெனி குஜராத் விவசாயிகள் மீது, தனக்கு உரிமையுள்ள உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டார்கள் என்று கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் வாபஸ் வாங்கிக்கொண்டது. விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை கொடுக்கும் 2001-ஆம் வருஷத்துச் சட்டம் நம் நாட்டில் இருக்கும்போதே இது நடந்தது.

சொல்லாததனால் போன உயிர்கள்

முதலாளி மறைப்பதில் லாபம் மட்டும் போவதானால் பரவாயில்லை, உயிர் போகிறது.

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயைப் பழைய மில் தொழிலாளிகள் அறிவார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். செவ்வாய், புதன் ஆனால் கொஞ்சம் தணியும். வருஷங்கள் போகப்போக எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிடும். அமெரிக்காவின் தெற்கு மாகாணங்களில் மில் முதலாளிகள் நெடுங்காலம் அப்படி ஒரு நோயே கிடையாது என்று சாதித்தார்கள். சிகரெட் குடித்ததால் வந்த இருமல் என்றார்கள்.

அங்கே 1975-ல் ஓய்வு பெற்ற மில் தொழிலாளிகள், இருமலோடும் இளைப்போடும் ஒன்றுகூடி, "பழுப்பு நுரையீரல்" சங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். தனித்தனியாக வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தபோது ஒவ்வொருவருக்கும் அது தன் தலைவிதி. உட்கார்ந்து பேசி, எந்தக் கட்டத்தில் எத்தனை வருஷம் வேலை செய்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டபோது அது சாட்சியம் ஆயிற்று. 1978-ல் அமெரிக்க சர்க்கார் பஞ்சுத் தூசிக்கு வரம்பு விதித்தது. நெஞ்சில் இருந்த வேதனையைப் பொது அறிவாக மாற்றியவர்கள் தொழிலாளிகளே.

போபாலை எடுத்துக்கொள்ளுங்கள். யூனியன் கார்பைடு தொழிற்சாலையில் 1981 டிசம்பரில் விஷவாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். அங்கேயுள்ள தொழிலாளிகள் ஆபத்தைப் பற்றி எச்சரித்தார்கள். ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982-லேயே ஊருக்கு வரப்போகும் அபாயத்தைப் பற்றி எழுதினார். நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்தது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு வாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொண்டால் ஆபத்து குறையும் என்ற சின்ன விஷயத்தைக்கூட சுற்றிலும் குடிசைகளில் இருந்த ஜனங்களுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. வந்த வாயு இன்னது, அதற்கு வைத்தியம் இன்னது என்று ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கே தெரியவில்லை.

இதற்குப் பிறகுதான் 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழிலை நடத்துகிறவர் அதிலுள்ள அபாயங்களைத் தொழிலாளிகளுக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவித்தாக வேண்டும் என்று எழுதினார்கள். சட்டத்தின் பெயரும் எண்ணும் காலத்துக்குக் காலம் மாறும். கேட்பதற்குச் சங்கம் இல்லாத இடத்தில் எந்தச் சட்டமும் வாய் திறக்காது.

நமக்குள்ளே மறைப்பது

இதுவரை முதலாளியைப் பற்றிப் பேசினோம், கை தட்டினீர்கள். இனி நம்மைப் பற்றிப் பேசவேண்டும்.

முதலாளியிடம் மறைப்பது வேறு. பக்கத்தில் நிற்கும் தொழிலாளியிடம் மறைப்பது வேறு. முன்னது பல சமயம் கேடயம். பின்னது விஷம்.

பழைய காலத்து மில்களில் ஜாபர் என்ற மேஸ்திரி இருந்தார். ஆள் எடுப்பதும் அவர், வேலை பழக்குவதும் அவர், வேலையிலிருந்து நிறுத்துவதும் அவர். 1929-ல் நியமிக்கப்பட்ட ராயல் தொழிலாளர் கமிஷன் இந்த முறையில் நடந்த லஞ்சத்தைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறது. தொழில் பழக மாமூல் கொடுக்கவேண்டும். கொடுக்க முடியாதவன் வருஷக்கணக்கில் எடுபிடிதான். இங்கே அறிவு ஒரு மதகு, திறப்பதற்கு வரி.

ஜாதி இதைவிடக் கொடிய மதகு. பம்பாய் மில்களில் நெசவுக் கட்டத்தில் கூலி அதிகம். அந்தக் கட்டத்துக்குள் தாழ்த்தப்பட்ட தொழிலாளிகளை விடுவதில்லை. காரணம் என்ன? நாடாவில் நூல் மாற்றும்போது இழையை வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். தீண்டப்படாதவர் வாய் வைத்த நாடாவை நாங்கள் தொடமாட்டோம் என்று மற்றத் தொழிலாளிகள் மறுத்தார்கள். மறுத்தவர்கள் தொழிலாளிகள் தோழர்களே, முதலாளிகள் அல்ல! 1928-ல் பம்பாய் மில்களில் ஆறு மாதம் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது டாக்டர் அம்பேத்கர் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எழுப்பினார். எங்கள் ஆட்களுக்கு எல்லாக் கட்டத்திலும் வேலை செய்ய உரிமை வேண்டும், அதையும் உங்கள் கோரிக்கையில் சேருங்கள் என்றார். நியாயமான கேள்வி. ஒரு பகுதித் தொழிலாளிக்குத் தொழில் கதவை மூடிவைத்துக்கொண்டு, எல்லாரும் ஒன்று என்று கோஷம் போட்டால் அந்தக் கோஷத்தில் உயிர் இருக்குமா?

இன்று நம் மில்களில் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வயிற்றுப் பிழைப்புக்காக வந்த பையன்கள் காண்டிராக்டில் வேலை செய்கிறார்கள். "இவனுக்கு வேலை பழக்கு" என்று மானேஜர் நம் ஆளிடம் சொல்லுகிறார். நம் ஆளுக்குத் தெரியும்: பழகி முடிந்ததும் குறைந்த கூலிக்கு அந்தப் பையன் நிற்பான், தனக்கு வேலை இருக்காது. ஆகவே வாயை மூடிக்கொள்ளுகிறார். பையனுக்கு பாஷை தெரியாது; இயந்திரத்தின் எந்தப் பகுதியில் கை வைக்கக்கூடாது என்றும் தெரியாது. ஒருநாள் கை போகிறது.

அந்தக் கைக்கு யார் பொறுப்பு? முதல் பொறுப்பு முதலாளிதான், சந்தேகமில்லை. ஆனால் தெரிந்தும் சொல்லாமல் நின்ற நம் மனசாட்சிக்குப் பங்கு இல்லையா? அந்தப் பையன் நம் வேலையைத் திருட வந்தவன் அல்ல. நம்மைப் போலவே, நிலம் இல்லாத வீட்டிலிருந்து கிளம்பி வந்தவன். அவனைக் குறைந்த கூலிக்கு நிறுத்துகிறவனை விட்டுவிட்டு அவனிடம் கோபத்தைக் காட்டினால், யார் சிரிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நடவும் பீடியும் சொல்லும் பாடம்

அப்படியானால் மனிதன் எப்பொழுது மனமுவந்து கற்றுக்கொடுக்கிறான்?

வயலில் நடவு நடக்கும்போது பாருங்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, வந்த பணத்தை எல்லாரும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் பெண்கள் கூட்டத்தில் புதிதாக ஒரு பெண் வருகிறாள். அவள் பின்தங்கினால் பக்கத்தில் நிற்கிறவள் அவள் பங்கிலும் நாலு நாற்றை ஊன்றுவாள். பிடி எப்படி, ஆழம் எவ்வளவு என்று வாயாலும் கையாலும் சொல்லுவாள். பாசத்தால் மட்டுமா? அவள் கற்றுக்கொண்டால் எல்லாருக்கும் பொழுதோடு வேலை முடியும். மில்லில் தனித்தனி ஆளுக்குத் தனித்தனி இன்சென்டிவ். பக்கத்து ஆளுக்கு உதவப் போன நேரத்தில் தன் கதிரில் இழை அறுந்தால் தன் காசு போகும். ஒரே வீட்டில் தாய் நடவுக்கும் மகள் மில்லுக்கும் போகிறார்கள். தாய் தாராளமாகக் கற்றுக்கொடுக்கிறாள், மகள் வாயை மூடிக்கொள்ளுகிறாள் என்றால், குணம் மாறிவிட்டதா? கூலி முறை மாறியிருக்கிறது.

கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடிப் பட்டறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாரும் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்து பத்திரிகையும் புத்தகமும் உரக்க வாசிப்பார். பீடி சுற்றினால்தானே கூலி, வாசித்தவருக்குக் கூலி எப்படி? மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தாங்கள் சுற்றிய பீடியை எடுத்து அவர் கணக்கில் வைப்பார்கள். இவ்வளவுதான் ஏற்பாடு. எழுத்து தெரியாத தொழிலாளியும் உலக விஷயம் பேசினார். பின்னால் முதலாளிகள் கம்பெனிகளை மூடியபோது, 1969-ல் "தினேஷ் பீடி" என்ற கூட்டுறவைத் தாங்களே நடத்தும் தைரியம் அந்தத் தொழிலாளிகளுக்கு வந்தது.

இந்தப் பீடிப் பட்டறைக்குள் நம் கேள்விக்குப் பதில் இருக்கிறது தோழர்களே. அறிவைக் கொடுக்கிறவனுக்கு நஷ்டம் வரக்கூடாது. வருகிற நஷ்டத்தை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் எந்த உபதேசமும் இல்லாமல் வித்தை பரவும். செய்யாவிட்டால் ஆயிரம் உபதேசம் செய்தாலும் பரவாது.

முதலாளித்துவ நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. ஜப்பானில் டொயோட்டா கம்பெனியில் 1950-ல் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கம்பெனித் தலைவரே பதவி விலகினார். மறு வருஷம் தொழிலாளிகளிடம் யோசனை கேட்கும் திட்டத்தை ஆரம்பித்தார்கள். நிரந்தரத் தொழிலாளியை எளிதில் வெளியே தள்ளமாட்டோம் என்ற நிலை ஏற்பட்ட பிறகுதான் அங்கே யோசனைகள் குவிந்தன. நம் ஊர் மில்களிலோ ஆளைக் குறைத்துக்கொண்டே வாசலில் யோசனைப் பெட்டி மாட்டுகிறார்கள்! அதில் ஒட்டடை அடைவதில் அதிசயம் என்ன?

சோஷலிசத்துக்கும் இதே விதிதான். 1935 ஆகஸ்டில் சோவியத் நாட்டில் டான்பாஸ் சுரங்கத்தில் ஸ்டாகனோவ் என்ற தொழிலாளி ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டினார். வேலையைப் பிரித்து, வெட்டுவது ஒருவர், முட்டுக் கொடுப்பது மற்றவர்கள் என்று புது முறையில் செய்த சாதனை அது. நாடெங்கும் பரவியது. ஆனால் 1936-ல் பல தொழில்களில் எல்லாருக்குமே வேலை அளவை உயர்த்தினார்கள். அதனால் பல தொழிலாளிகளுக்கு மனக்கசப்பு உண்டாயிற்று என்பதை மறைக்கவேண்டியதில்லை. கொடி சிவப்பாக இருந்தாலும், முன்னே ஓடியவனைக் காட்டிப் பின்னே வருகிறவனின் சுமையை ஏற்றினால், அடுத்தவன் ஓடத் தயங்குவான்.

நாம் செய்யவேண்டியது

"தெரிந்ததையெல்லாம் சொல்லு" என்றும் "எதையுமே சொல்லாதே" என்றும் ஒரே வார்த்தையில் நாம் முடிவு சொல்ல முடியாது. மூன்றாகப் பிரித்துக்கொள்வோம்.

ஒன்று, ஆபத்தைப் பற்றிய அறிவு. எந்தக் கியரில் கை போகும், எந்த மருந்தைத் தெளிக்கும்போது காற்றுக்கு எதிரே நிற்கக்கூடாது, எந்த மின்கம்பியில் கசிவு இருக்கிறது என்பதையெல்லாம் யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும் ஒளிக்கக்கூடாது. நிரந்தரத் தொழிலாளி, பதிலி, காண்டிராக்ட், வெளி மாநிலத்தவர், வேறு சங்கத்தார் என்ற பேதம் இதில் கிடையாது. பாஷை தெரியாவிட்டால் சைகையால் சொல்லுங்கள்.

இரண்டு, கூலியையும் உரிமையையும் பற்றிய அறிவு. உன் சம்பளத்தைப் பக்கத்து ஆளிடம் சொல்லாதே என்று மானேஜர் சொல்லும்போதே தெரிந்துகொள்ளுங்கள், அங்கே ஒரு திருட்டு இருக்கிறது என்று. பக்கத்து ஊரில் நடவுக்கு என்ன கூலி, அடுத்த மில்லில் பதிலிக்கு என்ன சம்பளம், பி.எப். பணம் கட்டுகிறார்களா, ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டா என்பவற்றை ஒளிவு மறைவின்றி ஒருவருக்கொருவர் சொல்லவேண்டும். சங்கம் பிறப்பதே இந்தப் பேச்சிலிருந்துதான்.

மூன்று, தொழில் நுணுக்கம். இதைச் சக தொழிலாளிக்குத் தாராளமாகக் கொடுப்போம். மாமூல் வாங்காமல், ஜாதி பார்க்காமல் கொடுப்போம். ஆனால் நிர்வாகம் கேட்டால் தனி ஆளாகப் போய்க் கொட்டவேண்டாம். சங்கத்தின் மூலம் பேசுவோம். இந்த யோசனையால் ஒருவருக்கும் வேலை போகாது, வேலைப்பளு ஏறாது, மிச்சமாகும் பணத்தில் எங்களுக்கும் பங்கு என்று எழுத்தில் கொடுங்கள், அப்புறம் சொல்லுகிறோம் என்போம். புது ஆளுக்கு வேலை பழக்கச் சொன்னால், பழக்குகிற நாட்களுக்கு இன்சென்டிவ் குறையக்கூடாது, பழகியவனுக்கும் அதே வேலைக்கு அதே கூலி என்று கோருவோம். அந்தக் கோரிக்கைக்குப் புது ஆளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வோம்.

பழைய தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ரிட்டயர் ஆகும் நாளில் ஒரு சால்வையும் மாலையும் போட்டு அனுப்புகிறோம். முப்பது வருஷமாகக் கைக்குள் சேர்ந்த அறிவும் அந்த மாலையோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அது உங்கள் தனிச் சொத்தும் அல்ல, முதலாளியின் சொத்தும் அல்ல. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த யாரோ ஒரு தொழிலாளியின் கையிலிருந்து வந்தது. மாதம் ஒருநாள் சங்க ஆபீசில் உட்காருங்கள். இளைஞர்கள் வரட்டும். நீர்க்கட்டித் தாத்தா வரட்டும், வாய்க்காலின் கதையைச் சொல்லட்டும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியவர் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளுவதற்கு முன், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். உன் வேலை போகாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவரிடம் சொல்ல உங்களுக்குச் சங்க பலம் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பலம் வந்த அன்றைக்கு அவர் வாய் தானாகத் திறக்கும்.

வித்தையை ஒளிப்பவன் பெரும்பாலும் பயந்தவன் தோழர்களே. அவனைப் பயமுறுத்துகிற கையைப் பிடிப்பதுதான் நம் வேலை. வரும் மாதம் ஒவ்வொரு மில் கிளையும், ஒவ்வொரு கிராமக் கிளையும் கூடி, இந்த மூன்று விஷயத்தையும் பேசி, தங்கள் இடத்தில் எது ஒளிக்கப்படுகிறது, யார் யாரிடம் ஒளிக்கிறார்கள், எந்தப் பயத்தால் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தக் காகிதத்திலிருந்து நம் அடுத்த கோரிக்கைப் பட்டியலை எழுதுவோம்.